எம்டன் கல்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் குமாஸ்தாவாக எனக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. வாய்தாவுக்கு வந்து காத்திருப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்கள், வெளியூரிலிருந்து ஜார்ஜ் டவுனைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் என்று யார் யாரோ கிழக்குச் சுற்றுச்சுவரில் இருக்கும் எம்டன் கல்லைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முதலில் தெரிந்ததைச் சொன்னேன். சொன்னதில் பாதி தவறு என்று பிறகு படித்தபோது தெரிந்தது. அதன்பின் தேடித் தேடிப் படித்தேன். கேள்விகள் என்னவோ அவையேதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

இது என்ன கல்? இங்கே என்ன நடந்தது?

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, கரையிலிருந்த எண்ணெய்த் தொட்டிகளை நோக்கிச் சுட்டது. ஏறத்தாழப் பத்து நிமிடம் சுட்டுவிட்டு இருட்டில் மறைந்தது. குறியைத் தாண்டி ஊருக்குள் வந்த குண்டுகளில் ஒன்று உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரைத் தாக்கியது. அதைக் குறிக்கத்தான் இந்தக் கல்.

முதல் உலகப் போரில் பிரிட்டன் இறங்கிச் சரியாக ஏழு வாரம் ஆகியிருந்தது. ஐரோப்பாவில் நடக்கும் சண்டை என்று பத்திரிகையில் படித்துக்கொண்டிருந்த ஊருக்கு அது கடல் வழியாக நேரிலேயே வந்துவிட்டது.

எம்டன் என்பது அந்தத் தளபதியின் பெயர்தானே?

இல்லை, கப்பலின் பெயர். ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் எம்டன் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. அந்த ஊரின் பெயரைக் கப்பலுக்கு வைத்தார்கள். தளபதியின் பெயர் கார்ல் ஃபான் முல்லர்.

கப்பல் 1908-இல் டான்சிக் நகரில் கட்டி வெள்ளோட்டம் விடப்பட்டது. 118 மீட்டர் நீளம், மூன்று புகைபோக்கிகள், பத்துப் பீரங்கிகள், ஏறத்தாழ 360 மாலுமிகள். அந்தக் காலக் கணக்கில் இது பெரிய போர்க்கப்பல் அல்ல, வேகமாக ஓடக்கூடிய சிறிய குரூசர். சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் நிலைகொண்டிருந்த ஜெர்மன் கிழக்காசியப் படையைச் சேர்ந்தது. போர் தொடங்கியதும் தனியே பிரிந்து, வணிகக் கப்பல்களைப் பிடிக்கவும் மூழ்கடிக்கவும் இந்துமாக் கடலுக்குள் நுழைந்தது. பிரிட்டிஷ் கப்பலான யார்மத்துக்கு நான்கு புகைபோக்கிகள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் அதுதான் என்று ஏமாறட்டும் என்று, எம்டன்காரர்கள் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்திக்கொண்டார்கள்.

விமானத்திலிருந்து குண்டு போட்டதாகப் பாட்டி சொல்லியிருக்கிறாரே? ஜப்பான்காரன் போட்டது இல்லையா?

பாட்டி பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு போர். 1914-இல் எம்டன் கடலிலிருந்து சுட்டது. இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரலில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் அடுத்த நாளே விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கின. அடுத்தது சென்னைதான் என்று எல்லாரும் நம்பினார்கள். அரசு அலுவலகங்கள் வெளியூர்களுக்கு மாற்றப்பட்டன. சென்ட்ரல் பக்கத்திலிருந்த மிருகக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள், குண்டுவீச்சில் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் சுட்டுக் கொல்லப்பட்டன. 1943-இல் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பகுதியில் குண்டு போட்டதும் உண்மை.

இரண்டுக்கும் நடுவில் இருபத்தெட்டு ஆண்டுகள். ஆனால் வீட்டில் கதை சொல்லும்போது எம்டன் வந்தது, ஊர் காலியானது, விமானம் பறந்தது எல்லாம் ஒரே இரவாகிவிடுகிறது. உங்கள் வீட்டுக் கதையில் சைரன், இருட்டடிப்பு, பதுங்கு குழி வந்தால் அது 1942 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1914-இல் சைரன் ஊத யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

அவ்வளவு பெரிய கப்பல் வந்தது கரையில் யாருக்கும் தெரியவில்லையா?

அமாவாசை கழிந்து மூன்றாவது இரவு. ஆனந்த வருடம் புரட்டாசி முதல் வாரம், நவராத்திரி தொடங்கியிருந்த நேரம். பிறை சீக்கிரமே மறைந்துவிட்டது. கடல் இருட்டு, ஊர் வெளிச்சம். துறைமுக விளக்குகள் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தன. கலங்கரை விளக்கமும் எரிந்துகொண்டிருந்தது.

எந்தக் கலங்கரை விளக்கம் என்பதுதான் இங்கே முக்கியம். மெரினாவில் இப்போது இருப்பது 1977-இல் வந்தது. அதற்கு முன் 1894 முதல் சென்னையின் கலங்கரை விளக்கம் இதே உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சிக் கோபுரத்தில்தான் இருந்தது. இன்றும் அண்ணாந்து பார்த்தால் அந்தக் கோபுரம் தெரியும். வளாகத்தில் தனியாக நிற்கும் உயரமான கல்தூண் அதற்கும் முந்தைய விளக்கு, 1844-இல் ஏற்றப்பட்டது. ஆக, நல்ல எண்ணத்தில் வருகிற கப்பலுக்கும் கெட்ட எண்ணத்தில் வருகிற கப்பலுக்கும் ஒரே மாதிரி வழிகாட்டிக்கொண்டு அந்த விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சம் தங்களுக்குப் பேருதவியாக இருந்தது என்று எம்டனின் மாலுமிகளே பின்னாளில் எழுதினார்கள். வழி காட்டிய கட்டடத்தின் சுற்றுச்சுவரிலேயே ஒரு குண்டு வந்து விழுந்தது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

எவ்வளவு பக்கத்தில் வந்தது?

ஏறத்தாழ 3,000 கஜம், அதாவது இரண்டே முக்கால் கிலோமீட்டர். மெரினாவில் நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை நடந்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான். அங்கே வந்ததும் தேடுவிளக்கைப் போட்டு இலக்கைப் பார்த்துக்கொண்டு சுடத் தொடங்கியது.

மொத்தம் எத்தனை குண்டு? ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்களே?

125 என்றும் 130 என்றும் சொல்வார்கள். அந்த வித்தியாசத்துக்காகச் சண்டை போட வேண்டியதில்லை. எண்ணிக்கையைவிட வேகம்தான் புரிய வேண்டும். பத்து நிமிடம் என்றால் 600 விநாடி. 125 குண்டு என்றால் ஐந்து விநாடிக்கு ஒன்று.

பள்ளிப் பிள்ளைகள் வரும்போது நான் ஒன்று செய்வேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து விநாடிக்கு ஒரு தடவை விரலை உயர்த்துவேன், அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு முறை கைதட்ட வேண்டும். முதல் அரை நிமிடம் சிரிப்பாக இருக்கும். ஒரு நிமிடம் ஆனதும் சிரிப்பு குறைந்துவிடும். இரண்டாவது நிமிடத்தில் யாராவது ஒரு பிள்ளை, “இன்னும் எவ்வளவு நேரம் சார்?” என்று கேட்டுவிடும். இன்னும் எட்டு நிமிடம் என்பேன். அதற்கு மேல் தட்டச் சொன்னதில்லை.

குண்டின் அளவையும் கேட்பார்கள். பீரங்கியின் வாய் அகலம் 10.5 சென்டிமீட்டர். பழைய காலண்டர் அட்டையில் அந்த அளவுக்கு ஒரு வட்டம் வெட்டிப் பையில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அதைத் தங்கள் டிபன் பாக்ஸ் மூடியோடு வைத்துப் பார்ப்பார்கள், சரியாக இருக்கும். இவ்வளவுதானா என்று முகம் வாடும். ஆனால் ஒரு குண்டு ஏறத்தாழ 16 கிலோ. 125 குண்டு என்றால் இரண்டு டன் இரும்பும் வெடிமருந்தும். விழுந்தவற்றில் வெடிக்காமல் போனவையும் உண்டு, அதனால்தான் சில நம் கைக்கு முழுசாகக் கிடைத்தன.

எண்ணெய்த் தொட்டியை எதற்குக் குறி வைத்தான்? கோட்டையை அடித்திருக்கலாமே?

கோட்டையை அடித்தால் ஒரு சுவர் இடிந்திருக்கும். எண்ணெய்த் தொட்டியை அடித்தால் இரவு முழுவதும் ஊரே பார்க்கும். பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் துறைமுகத்தை ஒட்டி இருந்தன. அவை தீப்பற்றியதில் ஏறத்தாழ 3,46,000 காலன் எண்ணெய் எரிந்து போனது. லிட்டர் கணக்கில் 15 லட்சத்துக்கும் மேல். துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலும் சேதமானது.

முல்லரின் நோக்கம் சென்னையைப் பிடிப்பதல்ல. அதற்கு அவரிடம் ஆளும் இல்லை. ஆங்கிலேயரின் கடல் வணிகத்தைக் கலங்கடிக்க வேண்டும், இந்திய மக்கள் கண்ணெதிரே அவர்களின் கௌரவத்தைக் குலைக்க வேண்டும். இதை அவரே தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார். எண்ணெய் எரிந்ததைவிட அந்த இரண்டும்தான் அவருக்குக் கிடைத்த பெரிய பலன்.

நம் ஆட்கள் திருப்பிச் சுடவே இல்லையா?

சுட்டார்கள். கோட்டைக்கு வடக்கே இருந்த கிளைவ் பேட்டரி என்ற பீரங்கி மேடையிலிருந்து சில குண்டுகள் போயின. ஒன்றும் படவில்லை. பீரங்கிகளைத் தயார் செய்து முடிப்பதற்குள் எம்டன் தன் வேலையை முடித்துவிட்டது.

எத்தனை பேர் இறந்தார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. நூறு பேர் வந்தால் எண்பது பேர் எண்ணெய் எவ்வளவு எரிந்தது என்று கேட்பார்கள், ஐந்து பேர் இதைக் கேட்பார்கள். கேட்டவர்களை நான் மறப்பதில்லை.

குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள், மேலும் பலர் காயமடைந்தார்கள். ஐந்து லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள் இருந்த நகரத்தில் இது சிறிய எண் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். இரவு வேலைக்குப் போனவன் காலையில் வீட்டுக்குத் திரும்பாவிட்டால் அந்த வீட்டுக்கு அது சிறிய எண் இல்லை. அந்த நேரத்தில் துறைமுகத்திலும் கப்பலிலும் தொட்டிகளுக்குப் பக்கத்திலும் இருக்கக்கூடியவர்கள் யார்? காவல் நின்றவர்களும் வேலை பார்த்தவர்களும்தான்.

கப்பலின் பெயர் இந்தக் கல்லில் இருக்கிறது, செத்தவர்களின் பெயர் இல்லை. இந்தக் கேள்வி பதில்களை எழுத உட்கார்ந்ததற்கே அதுதான் காரணம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பலின் சாமர்த்தியத்தை நாம் வாய் நிறையப் பேசிவிட்டோம்.

ஊரே காலியானதாமே? வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டு ஓடினார்களாமே?

ஓடியது உண்மை. மறுநாள் காலையிலிருந்தே ரயில் நிலையங்களில் ஆயிரக்கணக்கில் கூட்டம். கடைகள் மூடப்பட்டன. எம்டன் திரும்பி வரும் என்ற பேச்சு அடங்கப் பல நாள்கள் ஆயின. வங்கக் கடலில் வணிகக் கப்பல்கள் புறப்படவே தயங்கின. பத்து நிமிடத்தில் முல்லர் சாதித்தது இதுதான் என்று மேலே சொன்னேன்.

வீடு விற்ற கதைகளைப் பொறுத்தவரை, என்னிடம் சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை 1942-ஐச் சேர்ந்தவை. பாட்டி சொன்ன ஜப்பான் கதைக்குக் கொடுத்த சோதனையை இதற்கும் வைத்துப் பாருங்கள்.

செண்பகராமன் பிள்ளைதானே அந்தக் கப்பலில் வந்தார்? அவர் சொல்லித்தானே தமிழர் வீடுகள் மேல் குண்டு படாமல் சுட்டார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி நான் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். இருந்தாலும் சொல்ல வேண்டும். செண்பகராமன் பிள்ளை எம்டனில் இல்லை.

அவர் 1891-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே ஐரோப்பா போய்விட்டார். எம்டன் சென்னைக்கு வந்த அதே 1914 செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான குழுவை அமைத்துக்கொண்டிருந்தார். அதன்பின் பெர்லின் போய், அங்கிருந்த இந்தியப் புரட்சியாளர்களோடு சேர்ந்து வேலை செய்தார். எம்டனோ ஆகஸ்ட் முதல் வாரத்தில் சீனக் கரையை விட்டுக் கிளம்பிய கப்பல், ஐரோப்பா பக்கமே போகவில்லை. சூரிச்சில் இருந்தவர் எந்தத் துறைமுகத்தில் அதில் ஏறியிருக்க முடியும்?

வீடுகள் மேல் படாமல் சுட்டார்கள் என்பதற்கும் இந்தச் சுவரே பதில். குறி எண்ணெய்த் தொட்டிதான், ஊர் அல்ல என்பது உண்மை. ஆனால் 125 குண்டில் எத்தனையோ குறியைத் தாண்டி வந்தன. வருகிற குண்டுக்குத் தமிழன் வீடு எது, வெள்ளைக்காரன் வீடு எது என்று தெரியாது.

இதைச் சொன்னால், பிள்ளையின் பெருமையைக் குறைக்கிறாய் என்கிறார்கள். அவருக்கு எம்டன் தேவையே இல்லை. அந்நிய மண்ணில் ஆயுள் முழுவதும் நாட்டு விடுதலைக்காக உழைத்து 1934-இல் பெர்லினில் இறந்தார். மனைவி லட்சுமிபாய் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பாதுகாத்த அஸ்தி, 1966-இல் இந்தியக் கடற்படைக் கப்பலில் தாய்நாட்டுக்கு வந்தது. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அங்கே போய் இந்தக் கதையைச் சொல்லுங்கள், கேட்பவர் கண் கலங்குவார். உண்மையில் நடந்ததே இவ்வளவு இருக்கும்போது, நடக்காததை எதற்கு அவர் தலையில் சூட்ட வேண்டும்?

“அவன் பெரிய எம்டன்” என்று சொல்கிறோமே, அது இந்தக் கப்பலிலிருந்து வந்ததா?

ஆம். எங்கிருந்து எப்போது வந்து எப்படிப் போவான் என்று தெரியாதவன், யாரும் எதிர்பார்க்காததைச் செய்துவிட்டு நழுவுகிறவன், எல்லாரையும் நடுங்க வைக்கிறவன் எல்லாரும் தமிழில் எம்டன் ஆனார்கள். கண்டிப்பான அப்பாவும் எம்டன்தான், கணக்கில் கெட்டிக்காரக் கடைக்காரரும் எம்டன்தான். மலையாளத்தில் அது ‘எமண்டன்’ ஆகி, மிகப் பெரிய என்ற பொருளில் நிலைத்துவிட்டது. இலங்கையிலும் இந்தப் பெயர் பேச்சில் புகுந்தது.

எமனைக் கண்டவன் என்பதுதான் எம்டன் ஆனது என்று ஒரு தமிழாசிரியர் என்னிடம் வாதாடினார். சொல் பிறந்தது அப்படி இல்லை. ஆனால் அது நம் நாக்கில் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டதற்கு எமன் என்ற ஒலியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்கும் தோன்றுகிறது.

என் ஆத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர், கடலையே பார்க்காதவர். அரிசிப் பானைக்குள் ஒளித்த வெல்லத்தை நான் கண்டுபிடித்துத் தின்றுவிட்டால், “எம்டன்டா நீ” என்று தலையில் குட்டுவார். அது ஒரு கப்பல் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. நானும் இந்த வளாகத்துக்கு வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அந்தத் தளபதி நல்லவர் என்கிறார்களே, உண்மையா?

பிடித்த கப்பல்களின் மாலுமிகளை முதலில் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் கப்பலை மூழ்கடித்தார். கபிங்கா என்ற கப்பலைப் பிடித்தபோது அதன் கேப்டனின் மனைவியும் குழந்தையும் அதில் இருந்தார்கள். கைதிகளை எல்லாம் அதிலேயே ஏற்றிப் போக விட்டுவிட்டார். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைப் பாராட்டின.

அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கடலில் மாலுமிகளுக்குக் காட்டிய அந்தக் கவனம், சென்னைக் கரையில் இருட்டில் நின்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. முல்லர் கண்ணியமானவர் என்பதும் அவர் பீரங்கியால் இங்கே ஆட்கள் செத்தார்கள் என்பதும் இரண்டுமே நடந்தவைதான்.

எம்டன் கடைசியில் என்ன ஆயிற்று?

சென்னையிலிருந்து இலங்கைப் பக்கம் போய் மேலும் கப்பல்களைப் பிடித்தது. அக்டோபர் 28 அன்று பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து ஒரு ரஷ்யக் குரூசரையும், வெளியே வரும் வழியில் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்கப் போனபோது, அங்கிருந்தவர்கள் அந்நியக் கப்பல் வந்திருப்பதாகச் செய்தி அனுப்பிவிட்டார்கள். பக்கத்துக் கடலில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி விரைந்து வந்தது. அதன் பீரங்கிகள் பெரியவை. எம்டன் சிதைந்து, மூழ்காமல் இருப்பதற்காகத் தீவின் பவளப்பாறைமேல் ஏற்றி நிறுத்தப்பட்டது. அதன் ஆட்களில் 130-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சென்னைக்கு வந்து ஏழு வாரம்கூட முடியவில்லை.

தீவில் இறங்கியிருந்த ஏறத்தாழ ஐம்பது பேர் மட்டும் அயேஷா என்ற பழைய பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு தப்பி, அரேபியா வழியாக 1915-இல் துருக்கியை அடைந்தார்கள். முல்லர் சிறைப்பட்டார். 1923-இல் இறந்தார்.

கப்பலின் பீரங்கியையோ எஞ்சினையோ இங்கே கொண்டுவந்து வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே?

பீரங்கிகளை ஆஸ்திரேலியா எடுத்துக்கொண்டது. வென்றவர்கள் அவர்கள்தானே. சிட்னி நகரின் ஹைட் பார்க்கில் ஒன்று நிற்கிறது. கான்பெராவில் இருக்கும் போர் நினைவகத்திலும் ஒன்று உண்டு. பாறைமேல் கிடந்த கப்பலின் மீதிப் பகுதியை 1950-களில் உடைத்து இரும்புக்கு எடுத்தார்கள்.

நமக்குக் கிடைத்தது குண்டு மட்டும்தான். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் எம்டன் குண்டு ஒன்று இருக்கிறது. பீரங்கி வந்திருந்தால் பிள்ளைகள் அதன்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்வார்கள். சுட்ட கருவி சுட்டவனை வென்றவனிடம் போனது, வந்து விழுந்தது விழுந்த ஊரில் தங்கியது. எனக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

கடற்கரையில் போர் நினைவுச் சின்னம் இருக்கிறதே, அது எம்டனுக்காகக் கட்டியதுதானே?

இல்லை. கோட்டைக்குத் தெற்கே, மெரினா தொடங்கும் இடத்தில் வட்டமாக நிற்கும் அது, முதல் உலகப் போரில் வெளிநாட்டுக் களங்களில் உயிர்விட்ட சென்னை மாகாணப் படைவீரர்களுக்காக எழுப்பப்பட்டது. பிந்தைய போர்களில் இறந்தவர்களும் பிறகு சேர்க்கப்பட்டார்கள். நந்தம்பாக்கத்தில் போர்வீரர் கல்லறைத் தோட்டம் தனியாக இருக்கிறது. அங்கும் முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு. இரண்டும் சீருடை அணிந்தவர்களுக்கானவை. செப்டம்பர் 22 இரவில் செத்தவர்களில் சீருடை இல்லாதவர்களுக்கு அங்கேயும் இடம் இல்லை.

நேரில் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

நீதிமன்ற வளாகத்துக்குள் வரப் பாதுகாப்புச் சோதனை உண்டு, அனுமதிச் சீட்டு வேண்டும். அடையாள அட்டை கொண்டுவாருங்கள். படம் எடுப்பதற்கு முன் காவலரைக் கேளுங்கள். கேட்காமல் எடுத்து மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். குண்டைப் பார்க்க எழும்பூர் பாந்தியன் சாலைக்குப் போக வேண்டும், வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

நம்மை அடித்த கப்பலுக்கு நாமே கல் வைத்துக் கொண்டாடுவது சரியா?

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டது இது. கேட்டதும் அவளுடைய ஆசிரியை பதறிப்போனார். நான் அந்தப் பெண்ணுக்குக் கைகொடுத்தேன்.

அன்றைய ஆங்கிலேய அரசு இதைத் தன்மேல் பட்ட அடியாகப் பார்த்தது. அன்றைய மக்களில் பலருக்கு, அசைக்க முடியாது என்று நினைத்த அரசு ஒரு சின்னக் கப்பலுக்கு நடுங்கியதைப் பார்த்ததில் உள்ளூரத் திருப்தி. அந்தத் திருப்திதான் எம்டன் என்ற சொல்லில் பாராட்டாகத் தங்கியது. அடிமைப்பட்டிருந்தவர்களின் மனம் அது. அதைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் இன்றைக்கு நமக்கு அந்த அரசும் இல்லை, அந்தக் கோபமும் இல்லை. இன்றும் கப்பலை மட்டுமே பேசிக்கொண்டிருப்பதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. கல்லை எடுக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொரு கல் வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதில் பெயர்கள் இருக்க வேண்டும்.

அதற்காகவே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அந்த இரவில் துறைமுகத்தில் வேலை பார்த்த முன்னோர், காயம்பட்டவர், திரும்பி வராதவர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர் பெயரும் வேலையும் யார் சொல்லிக் கேட்டீர்கள் என்பதும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். இதுவரை மூன்று குடும்பங்கள் வந்தன. இரண்டு கதைகள் பேசப் பேச 1942-ஆக முடிந்தன. மூன்றாவது ராயபுரத்திலிருந்து வந்தது. மூட்டை தூக்கிய கொள்ளுத் தாத்தா, இடது தோளில் ஒரு விரல் நீளத் தழும்பு, புரட்டாசி மாதம் வந்தால் அந்தத் தோளைத் துண்டால் மூடிக்கொண்டே இருப்பாராம். ஆவணம் எதுவும் இல்லை. நோட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயரை மட்டும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.